முதல் வழியா, மூன்றாவது வழியா: அன்றாடச் சிக்கல்களில் தேர்வு செய்ய நான்கு முறைகள்

வீட்டின் பின் அறையில் வைஃபை சரியாகக் கிடைப்பதில்லை. வீடியோ அழைப்பு பாதியில் நின்றுபோகிறது. இந்த இடத்தில் பலரும் கேட்கும் கேள்வி, "எக்ஸ்டெண்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்பும் கருவி) வாங்கலாமா, வேண்டாமா?" கேள்வியை இப்படிப் போட்டுவிட்டால் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே பதில்தான் மிஞ்சும். அதில் 'இல்லை' ஒரு தீர்வே கிடையாது. கையில் இருப்பது ஒரே ஒரு வழி. அதை வாங்குவதா, விடுவதா என்று மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருப்பதைத்தான் நாம் யோசனை என்று நினைத்துக்கொள்கிறோம்.

பல வழிகளை யோசி என்று சொல்வது சுலபம். எத்தனை வழி, எங்கிருந்து திரட்டுவது, எதை வைத்து எடைபோடுவது என்று வரும்போதுதான் குழப்பம். புழக்கத்தில் நான்கு முறைகள் இருக்கின்றன: தேறுகிற முதல் வழியை எடுத்துக்கொள்வது, சாதக பாதகப் பட்டியல், மதிப்பெண் அட்டவணை, சின்னதாகச் செய்து பார்ப்பது. நான்கையும் இந்த வைஃபை சிக்கலின் மேலேயே வைத்துப் பார்க்கலாம். முடிவை இப்போதே சொல்லிவிடலாம்: திரும்ப மாற்றிக்கொள்ள முடிகிற விஷயங்களுக்குச் செய்து பார்ப்பதுதான் மேல். மதிப்பெண் அட்டவணைக்கு இருக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம்.

முதலில் திரட்டல்

எந்த முறையானாலும், உள்ளே போடுகிற வழிகள் எல்லாம் ஒரே ரகமாக இருந்தால் பயனில்லை. எக்ஸ்டெண்டரில் ஐந்து பிராண்டை ஒப்பிடுவது ஐந்து வழிகளை யோசித்ததாகாது. அது ஒரே வழியின் ஐந்து பெட்டிகள். வழிகள் நிஜமாகவே வேறுபட வேண்டும் என்றால் காரணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ரூட்டருக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே குறைவு என்றால் கோளாறு இணைய இணைப்பிலோ ரூட்டரிலோ இருக்கிறது. எக்ஸ்டெண்டர் வாங்கினால் அதே மெதுவான இணைப்பு பின் அறை வரை வந்து சேரும், அவ்வளவுதான். ரூட்டர் பக்கத்தில் நன்றாக இருந்து பின் அறையில் மட்டும் விழுகிறது என்றால் தூரமும் சுவரும் காரணம். ரூட்டர் பக்கத்தில் எப்போதும் சரியாக இருந்து, பின் அறையில் மாலைக்கு மேல் மட்டும் மோசமானால் அக்கம்பக்கத்து ரூட்டர்களின் நெரிசலாக இருக்கலாம், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான், எல்லா வீடுகளும் அதற்குள்தான் முட்டிக்கொள்கின்றன. ஒரு லேப்டாப்பில் மட்டும் கோளாறு என்றால் குற்றவாளி அந்த லேப்டாப்.

பத்து நிமிட வேலை. ஆனால் நான்கு காரணங்களில் குறைந்தது இரண்டு விழுந்துவிடும். மிஞ்சிய ஒவ்வொரு காரணத்துக்கும் குறைந்தது ஒரு வழி என்று எழுதினாலே பட்டியல் தானாக அகலமாகிவிடும்.

பழகிய வழி கண்ணை மறைப்பதற்கு 1942இல் உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் வெளியிட்ட ஜாடிக் கணக்குச் சோதனை நல்ல உதாரணம். மூன்று ஜாடிகளை வைத்துக் குறிப்பிட்ட அளவு தண்ணீரை அளக்க வேண்டும். முதல் சில கணக்குகளுக்கு நடு ஜாடியை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியளவு ஒரு முறையும் மூன்றாம் ஜாடியளவு இரண்டு முறையும் கழிப்பதுதான் வழி. பிறகு 23, 49, 3 அளவுள்ள ஜாடிகளைக் கொடுத்து 20 கேட்டார். 23இலிருந்து 3ஐக் கழித்தால் முடிந்தது. பழகியவர்களில் பெரும்பாலோர் 49 − 23 − 3 − 3 என்று சுற்றித்தான் போனார்கள். விடை சரி என்பதால் அவர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. அன்றாட வாழ்க்கையிலும் இதே கதைதான்: பழைய வழி ஓரளவு வேலை செய்கிறபோது, பக்கத்தில் இருக்கும் குறுக்குவழி கண்ணில் படாது.

இதை உடைக்க மூன்று கேள்விகள் போதும். மனத்தில் இருக்கும் வழியே கிடையாது என்று ஆகிவிட்டால் என்ன செய்வேன்? ஒரு காசுகூடச் செலவழிக்கக் கூடாது என்றால்? இந்தத் தேவையையே இல்லாமல் ஆக்க முடியுமா? முதல் கேள்வி லேன் கேபிளை நினைவுபடுத்தும். இரண்டாவது, ரூட்டரை நகர்த்துவதையும் சேனல் மாற்றுவதையும். மூன்றாவது, முக்கியமான அழைப்புகளை முன் அறையில் எடுத்துக்கொள்வதை. மூன்றாவது கேள்வியைத்தான் ஆட்கள் கேட்பதே இல்லை.

பட்டியலில் "பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்வது" என்ற வரியையும் எழுதியே ஆக வேண்டும். 2009இல் ஷேன் ஃபிரெட்ரிக்கும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பிடித்த படத்தின் வீடியோ ஒன்றை வாங்குவீர்களா என்று கேட்டபோது 75 சதவீதம் பேர் வாங்குவோம் என்றார்கள். "வாங்கவில்லை" என்ற பதிலோடு "அந்தப் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்கிறேன்" என்று சேர்த்ததும் அது 55 ஆனது. புதிய தகவல் எதுவும் தரப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எழுத்தில் காட்டியதோடு சரி.

எத்தனை வழிகள்? மூன்று முதல் ஐந்து. வழிகள் கூடினால் மூளை திணறி எதையும் தேர்ந்தெடுக்காது என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு. கடையில் ஜாமில் 24 வகைகளை வைத்ததைவிட 6 வகைகளை வைத்தபோது அதிகம் பேர் வாங்கியதாகக் காட்டிய 2000ஆம் ஆண்டுச் சோதனைதான் அதற்கு ஆதாரம். பிறகு 2010இல் இத்தகைய ஐம்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்றே வந்தது. ஆகவே ஆறாவது வழி தோன்றினால் பயந்து அடிக்க வேண்டியதில்லை. ஐந்தோடு நிறுத்தச் சொல்வது நேரத்துக்காக: அதற்கு மேல் வருபவை பெரும்பாலும் முன்னே எழுதியதன் மறுபதிப்புகள்.

வீட்டிலோ அலுவலகத்திலோ பலர் சேர்ந்து யோசிப்பதானால், பேச ஆரம்பிக்கும் முன் ஆளுக்கொரு தாளில் ஐந்து நிமிடம் தனியே எழுதட்டும். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், கூடிப் பேசிய நால்வர் குழுக்களைவிடத் தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தபோது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் கிடைத்தன. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனையை மறந்துவிடுகிறார், அல்லது முதலில் பேசியவரின் பாதையிலேயே போய்விடுகிறார்.

தேறுகிற முதல் வழி

ஹெர்பர்ட் சைமன் 1956இல் விளக்கிய முறை இது. 1978இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. ஆகச் சிறந்ததைத் தேடாமல், "இவ்வளவு இருந்தால் போதும்" என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டுகிற முதல் வழியோடு தேடலை முடித்துக்கொள்வது.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கக் கூடாது. 1980களில் உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் பெரும்பாலும் வழிகளை அருகருகே வைத்து ஒப்பிடவே இல்லை என்று கண்டார். நிலைமையைப் பார்த்ததும் பழைய அனுபவத்திலிருந்து ஒரு வழி தோன்றுகிறது. அதை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். எங்காவது இடித்தால் திருத்துகிறார்கள் அல்லது அடுத்ததற்குப் போகிறார்கள். அவர்களுக்கு அது பலிப்பதற்குக் காரணம், செய்ததன் விளைவு உடனே கண்முன் தெரிகிற தொழிலில் ஆண்டுக்கணக்காக ஊறியிருப்பது. உங்களுக்கு அப்படி அனுபவம் இருக்கிற துறையில் மனம் சொல்கிற முதல் வழியை நம்பலாம். வாழ்க்கையில் இரண்டு முறை மட்டுமே ரூட்டர் மாட்டியவருக்குத் தோன்றுகிற முதல் வழி, கடைசியாகப் பார்த்த விளம்பரத்திலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த முறை கெட்டுப்போவது வரம்பு எழுதப்படாமல் இருக்கும்போது. "பின் அறையில் ஒரு மணி நேர அழைப்பு ஒரு முறைகூட அறுபடாமல் ஓட வேண்டும்" என்று முதலிலேயே எழுதிவைத்தால் அது வரம்பு. எழுதாவிட்டால், கிடைத்த வழி எட்டுகிற இடத்துக்கு வரம்பும் இறங்கி வந்துவிடும்.

சாதக பாதகப் பட்டியல்

1772 செப்டம்பரில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இந்த முறை இருக்கிறது. தாளின் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தி எழுதுவது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்னதில் முக்கியமானது அதற்குப் பிறகு வருவது: மூன்று நான்கு நாட்கள் தோன்றத் தோன்ற எழுதுவது, பிறகு இரு பக்கமும் சம எடையுள்ளவற்றை அடித்துக்கொண்டே வருவது. ஒரு சாதகம் இரண்டு பாதகங்களுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடித்துவிட வேண்டும். கடைசியில் எந்தப் பக்கம் மிச்சம் நிற்கிறதோ அதுவே முடிவு.

ரூட்டரை நடுக்கூடத்துக்கு நகர்த்துவதை எடுத்துக்கொள்வோம். சாதகம்: புதுச் சாதனம் வாங்க வேண்டாம், அரை மணியில் முடியும், பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பலாம். பாதகம்: உள்ளே வரும் இணைப்புக் கேபிள் அவ்வளவு தூரம் எட்டாது, அங்கே மின்செருகி இல்லை, முன் அறையில் சிக்னல் கொஞ்சம் குறையும். எண்ணிப் பார்த்தால் மூன்றுக்கு மூன்று. அடித்துப் பார்த்தால் கதை வேறு. சாதனச் செலவு மிச்சமாவதும், கேபிளை நீட்டிக்க ஆகும் சின்னச் செலவும் சமமல்ல. அந்த ஒரு சாதகம் கேபிளையும் மின்செருகியையும் சேர்த்து விழுங்கிவிடும். முன் அறைச் சிக்னல் குறைவதற்கு எதிரே அரை மணி வேலை என்பதை வைத்தால் அதுவும் போயிற்று. மிச்சம் நிற்பது: பிடிக்காவிட்டால் திரும்பலாம்.

அடிக்காமல் வரிகளை எண்ணுகிறவர்களைத்தான் இந்தப் பட்டியல் ஏமாற்றுகிறது. ஏற்கெனவே மனத்தில் முடிவு செய்துவிட்டவர் தன் பக்கத்தில் ஏழு வரி எழுதுவார். அதில் நான்கு ஒரே விஷயத்தை வேறு வேறு சொல்லில் சொல்லும். இன்னொரு குறை அடிப்படையானது: இது ஒரு நேரத்தில் ஒரு வழியைத்தான் எடைபோடும். வேலையை விடலாமா, இந்தப் படிப்பில் சேரலாமா போன்ற ஒற்றைக் கேள்விக்குப் பொருந்தும். நான்கு வழிகள் இருக்கும் இடத்தில் நான்கு தாள் தேவை, அந்த நான்கும் ஒன்றோடொன்று பேசாது.

மதிப்பெண் அட்டவணை

வழிகள் மூன்றுக்கு மேல், அளவுகோல்கள் பல, முடிவை எளிதில் மாற்ற முடியாது: இந்த மூன்றும் சேர்ந்தால் அட்டவணை போடலாம். செய்கிற வரிசைதான் இதில் முக்கியம்.

கட்டாய நிபந்தனைகளை முதலில் தனியே வையுங்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. அதற்கு மதிப்பெண் கிடையாது. தாண்டாத வழி அட்டவணைக்குள்ளேயே வராது. அடுத்து, மிஞ்சிய அளவுகோல்களுக்கு மொத்தம் 100 வருமாறு எடை பிரியுங்கள். எடையைப் போட்ட பிறகுதான் மதிப்பெண். மாற்றிச் செய்தால் பிடித்த வழி ஜெயிக்கிற மாதிரி எடை தானாக வளையும். மதிப்பெண் போடும்போது ஒரு வழியை எடுத்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பாதீர்கள். ஒரு அளவுகோலை எடுத்து எல்லா வழிகளுக்கும் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வழியின் மேல் இருக்கும் பிரியம் அதன் எல்லாக் கட்டங்களிலும் கசியும்.

சுவரைத் துளைக்கத் தடையில்லாத வீட்டுக்கு, 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு ஒரு அட்டவணை (செலவும் உழைப்பும் குறைந்தால் மதிப்பெண் கூடும்; ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எடையால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம்):

| வழி | நிலையான வேகம் (40) | செலவு (30) | உழைப்பு (20) | தோற்றம் (10) | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| ரூட்டரை நகர்த்துவது | 3 | 5 | 4 | 3 | 380 |
| எக்ஸ்டெண்டர் | 2 | 4 | 5 | 4 | 340 |
| மெஷ் (ஒரே வைஃபையைப் பரப்பும் பல கருவிகள்) | 4 | 1 | 4 | 5 | 320 |
| லேன் கேபிள் | 5 | 3 | 1 | 2 | 330 |

எக்ஸ்டெண்டருக்கு வேகத்தில் 2 போட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் சாதாரண எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். சிக்னல் கெட்ட அறைக்குள்ளேயே அதை மாட்டினால் இன்னும் மோசம்; கெட்ட சிக்னலை வாங்கிக் கெட்ட சிக்னலாகவே பரப்பும். சிக்னல் நன்றாக இருக்கும் பாதி வழியில்தான் அதற்கு இடம்.

ரூட்டரை நகர்த்துவது 40 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறது. இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். இப்போது எடையை மட்டும் 60, 20, 10, 10 என்று மாற்றிப் பாருங்கள், அதாவது பின் அறையில் உட்கார்ந்துதான் பிழைப்பு என்கிறவரின் எடை. லேன் கேபிள் 390, நகர்த்துவது 350, மெஷ் 350, எக்ஸ்டெண்டர் 290. மூன்றாம் இடத்தில் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட்டது. எடையை நியாயமான அளவு அசைத்தாலே வெற்றி கைமாறுகிறது என்றால், அட்டவணை சொல்வது "இதைத் தேர்ந்தெடு" என்பதல்ல. "உனக்கு வேகம் எவ்வளவு முக்கியம் என்று முதலில் முடிவு செய்" என்பதுதான். இந்தக் கேள்வியை வெளியே கொண்டுவருவதற்காக மட்டுமே அட்டவணை போடலாம். மொத்தத்தைப் பார்த்து முடிவெடுப்பதற்காகப் போட்டால் கூட்டல் கணக்கு நமக்குப் பதில் யோசிக்கிறது.

வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. 'உழைப்பு', 'நேரம்' என்று ஒரே விஷயத்தை இரண்டு பத்தியாக எழுதினால் அதன் எடை இரட்டிப்பாகும். இன்னொன்று கண்ணில் படாதது: "எனக்குப் பணம் முக்கியம்" என்று செலவுக்கு 30 போடுகிறோம், ஆனால் பட்டியலில் இருக்கும் வழிகளுக்குள் செலவு வித்தியாசமே மிகக் குறைவு என்றால் அந்த 30க்கு அர்த்தமில்லை. எடை என்பது அந்த அளவுகோல் பொதுவாக எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்ததல்ல. மிக மோசமான வழியிலிருந்து மிக நல்ல வழிக்குப் போனால் உங்களுக்கு எவ்வளவு மாறும் என்பதைப் பொறுத்தது.

செய்து பார்ப்பது

ரூட்டரை நகர்த்தினால் எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரம் ஊகிப்பதைவிட அரை மணியில் நகர்த்திப் பார்த்துவிடலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு.

தொடங்கும் முன் இரண்டு எண் வேண்டும்: இப்போதைய அளவு, தேர்ச்சி அளவு. காலை, மாலை, இரவு என மூன்று வேளை, அதே நாற்காலி, அதே லேப்டாப், மூன்று நாட்கள். ஒன்பது அளவுகளில் நடுவில் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம். ரூட்டரையும் நகர்த்தி, சேனலையும் மாற்றி, 2.4இலிருந்து 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் போனால் எது பலித்தது என்றே தெரியாது. அதைவிட மோசம், நகர்த்தியதால் கிடைத்த நன்மையை 5 ஜிகாஹெர்ட்ஸ் தின்றுவிடக்கூடும். அது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் இளைத்துவிடும். மாற்றத்துக்குப் பிறகு மீண்டும் மூன்று நாட்கள், அதே ஒன்பது அளவுகள்.

முன் அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், சிக்கல் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் எழுந்து எதையாவது செய்கிறோம். உச்சத்துக்கு அடுத்த நாள் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் தேறத்தான் செய்யும். அந்தத் தேறலை நாம் செய்த மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சந்தேகம் இருந்தால் மாற்றத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பழையபடி கெட்டுப்போனால் மாற்றம் நிஜம்.

பல வழிகளை எந்த வரிசையில் செய்து பார்ப்பது? பலிக்க அதிக வாய்ப்புள்ளதை முதலில் எடுக்கத் தோன்றும். அன்றாட விஷயங்களில், திரும்ப மாற்ற எது மலிவோ அதிலிருந்து தொடங்குவது நல்லது. சேனல் மாற்றுவது, நகர்த்துவது, நீளமான கேபிளை இரவல் வாங்கித் தரையில் போட்டுப் பார்ப்பது (100 மீட்டர் வரை பிரச்சினை இல்லை), அதன் பிறகே சுவரில் துளை. தரையில் போட்ட கேபிளும் அழைப்பை அறுத்தால், துளை போட்டிருந்தாலும் அதே கதிதான்.

இந்த முறை எங்கே உதவாது என்பதும் தெளிவு. வீடு மாறுவது, அறுவை சிகிச்சை, நீண்ட கால ஒப்பந்தம் போன்றவற்றைப் பாதி செய்து பார்க்க முடியாது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் விஷயங்களில் மூன்று நாள் அளவு பொய் சொல்லும். அங்கே அட்டவணை போட்டு, எடையை அசைத்துப் பார்த்து, ஜெயித்த வழியை ஒரு கடைசிச் சோதனைக்கு உட்படுத்தலாம். கேரி க்ளைன் 2007இல் எழுதிய உத்தி அது: ஓராண்டு ஆகிவிட்டது, எடுத்த முடிவு படுதோல்வி என்று வைத்துக்கொண்டு, தோற்றதற்கான காரணங்களை எழுதுவது. "தோற்கக்கூடும்" என்று நினைத்து எழுதினால் ஒப்புக்கு இரண்டு வரி வரும். "தோற்றுவிட்டது" என்று வைத்து எழுதினால் காரணங்கள் குறிப்பாக வரும். அதில் ஏதாவது ஒன்றைத் தடுக்கவே முடியாது என்றால் இரண்டாம் இடத்தில் வந்த வழியை மீண்டும் பாருங்கள்.

இரண்டு வழிகள் கிட்டத்தட்டச் சமமாக வந்து நின்றால் அங்கே நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது வீண். சமம் என்றால் எதை எடுத்தாலும் நட்டம் சிறிது. சீக்கிரம் முடிகிறதை எடுத்துக்கொள்ளலாம். இருவர் சேர்ந்து முடிவெடுக்கும்போது மட்டும் சமநிலைக்குள் ஒரு சண்டை ஒளிந்திருக்கும். அப்போது ஒரே அட்டவணையை இருவரும் தனித்தனியே நிரப்பிவிட்டு, மதிப்பெண் இரண்டோ அதற்கு மேலோ வேறுபடும் கட்டங்களை மட்டும் எடுத்துப் பேசுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டங்கள்தான் தேறும். அவற்றிலும் ஒன்றில், ஒருவர் 'உழைப்பு' என்று தன் வேலையையும், மற்றவர் ஆள் வைத்துச் செய்வதையும் நினைத்து மதிப்பெண் போட்டிருப்பார்.